ஹாவோட் டெக்வெனின் அடிக்குரல்

எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு பேர் சந்தித்து, மழையைப் பற்றியும் ஆடுகளைப் பற்றியும் பேசி முடித்துவிட்டால், அடுத்ததாகக் கதவுப் பாட்டில்தான் வந்து நிற்பார்கள். அது எந்த வருஷம் மிக நன்றாக அமைந்தது என்பதில் எங்களுக்குள் ஒரு தீராத வழக்கு. "பெரிய பனிக்கு முந்தின வருஷம்" என்பார் ஒருவர். "போய்யா, வானொலிக்காரர் வந்த வருஷம்" என்பார் இன்னொருவர். எனக்கும் ஒரு வருஷம் உண்டு, அதை உரிய இடத்தில் சொல்கிறேன். யார் எந்த வருஷத்தைச் சொன்னாலும் அதில் ஒரு பெயர் இருக்கும்: ஹாவோட் பண்ணை டெக்வென்.

வேல்ஸ் நாட்டின் இந்த மூலையில், கிறிஸ்துமஸுக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள், ஒவ்வொரு கோயிலிலும் ஒரு மாலை பிளகைன் என்கிற பாட்டு வழிபாடு நடக்கும். போதகர் சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, "பிளகைன் இனி உங்களுடையது" என்று உட்கார்ந்துவிடுவார். அதற்கப்புறம் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பண்ணைவீட்டுக் குழுக்கள் தாமாக எழுந்து முன்னால் போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நெருங்கி நின்று, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிவிட்டுத் திரும்பி வரும். எல்லாரும் பாடியானதும் அதே வரிசையில் இரண்டாவது சுற்று. கைதட்டல் கிடையாது. சட்டம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அன்று மாலை ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் பாடக்கூடாது. எல்லா வம்பும் அந்தச் சட்டத்திலிருந்துதான் வந்தது.

கதவுப் பாட்டு ஹாவோட் குடும்பத்துப் பாட்டு. டெக்வெனின் பாட்டனுக்குப் பாட்டன் இதெல் என்பவன், மாடுகளை இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிப் போய் வருகிறவன். அங்கே ஏதோ ஒரு விடுதியில் குடிகாரர்கள் மேசையைத் தட்டிப் பாடிய மெட்டு அவன் காதில் ஒட்டிக்கொண்டது. நடந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்த மெட்டில் பதினாறு சரணம் கட்டிவிட்டான். ஆதாமில் கிளம்பி, பெத்லகேம் வழியாகச் சிலுவை வரை போகிற பாட்டு. நடுவில், மரியாளின் முகத்துக்கு எதிரே சாத்தப்பட்ட சத்திரத்துக் கதவைப் பற்றி ஒரு சரணம் வரும். அந்த இடத்தில் மேல்குரலும் நடுக்குரலும் நின்றுவிட, அடிக்குரல் மட்டும் தனியாக, "அந்தக் கதவை அடைக்காதீர்கள்" என்று படிப்படியாகக் கீழே இறங்கும். அந்த ஒரு வரிக்காகவே அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

அது முதல்முதலாகப் பாடப்பட்ட மாலையிலேயே ரகளை. அப்போதிருந்த போதகர் எழுந்து நின்று, "இது சாராயக்கடைப் பாட்டல்லவா?" என்று கேட்டாராம்.

"ஆமாங்க," என்றானாம் இதெல். "அங்கேருந்துதான் கூட்டிக்கிட்டு வந்தேன். இப்ப குடியை விட்டுடுச்சு."

போதகருக்கு அந்த மெட்டு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்று வரை எங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

டெக்வெனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆற்றுக்கு வடக்கே மேட்டில் ஹாவோட், தெற்கே மேட்டில் அவள் சித்தப்பாவின் பண்ணையான பிரின், நடுவில் ஆற்றோரம் எங்கள் ஆலைவீடு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாரும் குருவிகள் மாதிரி கீச்சிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் குரல் மட்டும் கீழே எங்கோ உருண்டுகொண்டிருக்கும். ஒருநாள் ஆசிரியை பொறுக்க முடியாமல், "டெக்வென், நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா" என்றார்.

"அப்ப பாட்டு விழுந்துடும், டீச்சர்," என்றாள் அவள். திமிராகச் சொல்லவில்லை. வண்டியின் அச்சாணியைக் கழற்றச் சொன்னால் வண்டிக்காரன் சொல்வானே, அந்த மாதிரி ஒரு தகவலாகச் சொன்னாள். ஆசிரியை அவளை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாடச் சொல்லிப் பார்த்தார். பாட்டு விழுந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஹாவோட்டில் பாட்டுப் பயிற்சி மாட்டுக்கொட்டகையில்தான். அப்பா ஈவான் மேல்குரல், அண்ணன் எம்லின் நடுக்குரல், பிரின்னிலிருந்து வந்து சேரும் சித்தப்பா மெய்ரிக் அடிக்குரல். அவர்கள் மூவரும் பால் கறந்துகொண்டே பாடுவார்கள். டெக்வெனும் ஒரு பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறந்துகொண்டிருப்பாள். மூன்று குரலும் அவளுக்குப் பாடம். ஆனால் வாய் தானாகப் போய்ச் சேர்ந்தது சித்தப்பாவின் குரலோடுதான்.

"யாரு அது, கொட்டகையில எனக்கு எதிரொலி?" என்பார் மெய்ரிக்.

"நான்தான் சித்தப்பா. நீங்க நடுவுல மூச்சு வாங்கறீங்களே, அந்த ஓட்டையை அடைச்சேன்."

"ஓட்டையாம்! அண்ணே, உன் பொண்ணு வாயைப் பாத்தியா?"

அண்ணன் தம்பிகள் பிரிந்தது நிலத்துக்காகவோ ஆட்டுக்காகவோ அல்ல, சுருதிக்காக. ஈவானுக்கு வயது ஏற ஏற, உச்சியில் வரும் அந்த நீண்ட சுரத்தைப் பிடிக்கப் பயம் வந்துவிட்டது. வருஷத்துக்கு வருஷம், யாருக்கும் சொல்லாமல், பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி ஆரம்பித்தார். மேல்குரல்காரர் சௌகரியமாகப் பாட, அடிக்குரல்காரர் பாதாளத்துக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பிளகைனில், கோயில் முழுக்கக் காத்திருந்த அந்தத் தனி வரியில், மெய்ரிக்கிடமிருந்து சத்தத்துக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது.

பாட்டு முடிந்து விருந்துக்கு உட்கார்ந்ததும் அவர் கத்தினார். "இன்னும் இறக்கு! இன்னும் கொஞ்சம் இறக்கு! நான் கிணத்துக்குள்ள இறங்கி நின்னு பாடறேன்!"

"என் தொண்டைக்கு எது வருதோ அதைத்தான்டா எடுக்க முடியும்," என்றார் ஈவான், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"உன் தொண்டைக்கா? பாட்டு உன் தொண்டைக்கா இருக்கு? வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கயேன்!"

"உனக்கு மட்டும் குறைஞ்சுகிட்டு வருதாக்கும்."

அவ்வளவுதான். மெய்ரிக் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுவருஷம் தன் மகன்கள் கெத்தினையும் இட்ரிஸையும் கூட்டிக்கொண்டு பிரின் பண்ணைக் குழு என்று ஒன்றைக் கிளப்பினார். போதகர் ஜெபம் முடித்த உடனே முந்திக்கொண்டு எழுந்து, கதவுப் பாட்டை எடுத்துவிட்டார். அவரும் இதெலின் வாரிசுதானே, யார் என்ன சொல்ல முடியும்? பாட்டு போய்விட்டது. அடிக்குரல் இல்லாத ஹாவோட் குழு அன்று எழுந்திருக்கவே இல்லை. ஈவான் மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் டெக்வென் சொன்னாள். "அடுத்த வருஷம் அடிக்குரல் நான்."

"பொம்பளைப் பிள்ளை அடிக்குரலா?" என்றார் ஈவான்.

"கொட்டகையில பாடறப்ப மாடு ஒண்ணும் கேக்கலையே."

"நான் எடுக்கற சுருதி உனக்கு எட்டாதும்மா."

"அதனாலதான் நீங்க மேல ஏறப்போறீங்க."

ஈவான் மறுத்தார், சண்டை போட்டார், தொண்டையில் கல் இருக்கிறது என்றார். அவள் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் தினம் ஒரு துளி சுருதியை ஏற்றினாள். வருஷக்கணக்காகத் தொட அஞ்சிய இடத்தை ஒருநாள் அவர் தொண்டை தொட்டது. அன்று அவர் பால் வாளியைக் காலால் தட்டிவிட்டாராம், சந்தோஷத்தில்.

அடுத்த பிளகைனுக்கு ஹாவோட் குடும்பம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது. பிரின் குடும்பம் நடைபாதை ஓரமாக இடம் பிடித்திருந்தது, எழ வசதியாக. போதகர் "ஆமென்" சொல்லி வாயை மூடவில்லை, டெக்வென் பலிபீடத்துப் படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும் அண்ணனும் பின்னால் ஓடி வந்து சேர்ந்தார்கள். பெண்கள் பிளகைனில் பாடுவது புதிதில்லை. ஆனால் ஒரு பெண் அடிக்குரலின் இடத்தில் போய் நின்றதை எங்கள் கோயில் அதுவரை பார்த்ததில்லை. மிகமிகக் கீழே போகும் இடங்களை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொண்டாள். மற்றபடி அந்த வரியை அவள் இறக்கியபோது, பழைய கதவு ஒன்று கனமாக, மெதுவாகத் திறப்பதுபோல இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணியடிக்கிற கிழவர், "அட, ஒழுங்காத்தான் இருக்கு" என்றார், ஏமாற்றத்தோடு.

விருந்து மேசையில் மெய்ரிக் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஹாவோட்ல காளை தீந்துபோச்சு போல. பசுவைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க."

டெக்வென் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "காளை வேலி தாண்டிப் போயிடுச்சு சித்தப்பா. கொட்டகையை யாராவது பாத்துக்கணுமில்ல? சர்க்கரை போடவா?"

மேசை முழுக்கச் சிரித்தது. மெய்ரிக்கின் மனைவி லோவ்ரிதான் அதிகம் சிரித்தாள். தனக்கும் ஒரு கோப்பை ஊற்றச் சொல்லி, டெக்வெனின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்புறம் சில வருஷங்கள் இப்படியே போயின. ஒரு வருஷம் ஹாவோட் முந்தும், ஒரு வருஷம் பிரின் முந்தும். கிறிஸ்துமஸ் கிட்டவந்தால் ஊரில் பந்தயம் கட்டுவார்கள். டெக்வென் இதற்கிடையில் கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளை குவிலிம், தபால் வண்டி ஓட்டுகிறவன், பாட்டு சுத்தமாக வராதவன். எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஒருவன் இருப்பதே அதுவரை வெளியே தெரியாது.

"எத்தனையோ பேர் நல்லாப் பாடறவங்க இருக்காங்களே, ஏன் இவன்?" என்று எம்லின் தங்கையைக் கேட்டான்.

"வீட்டுல ஒருத்தராவது கேக்கணும்ல?" என்றாள்.

குவிலிம் சாதுவானவன், ஆனால் ரோஷக்காரன். குழுவில் தனக்கும் ஒரு வேலை வேண்டும் என்றான். சுருதி பார்க்கத் தட்டுகிற இசைக்கவையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிளகைனிலும் பாடகர்களோடு முன்னால் போய், அந்த இரும்புக் கவையை முழங்காலில் தட்டி, டெக்வெனின் காதருகே பிடித்துவிட்டு, பெரிய வேலை முடித்த முகத்தோடு திரும்பி வந்து உட்காருவான். அந்தச் சத்தம் அவனுக்கு எப்படிக் கேட்டதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

லோவ்ரி இறந்துபோன வருஷம் பிரின் முந்தியது. உண்மையில் ஹாவோட் அந்த வருஷம் போட்டி போடவில்லை. டெக்வென் இரண்டாம் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்கு நேர் பின்னால். மெய்ரிக் மகன்களோடு எழுந்து போனார். மேல்கோட்டில் ஒரு பித்தான் இல்லை, கவனிக்க ஆள் இல்லாத கோட்டு. ஆதாம் சரணங்கள் எல்லாம் நன்றாகவே போயின. சத்திரத்துக் கதவுச் சரணம் வந்தது. மகன்கள் இருவரும் நிறுத்தினார்கள். மெய்ரிக் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் அவர் வீட்டிலிருந்து லோவ்ரியின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியேறியபோது, கதவைச் சாத்த வந்தவர்களைப் பார்த்து அவர் என்ன சொல்லியிருந்தார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே வார்த்தைகள்தான் இப்போது அவர் தொண்டையில் நின்றன.

கெத்தின் தகப்பனைப் பார்த்தான், இட்ரிஸ் தரையைப் பார்த்தான். பாட்டு உடையப்போகிறது. உடைந்த பாட்டு பாடப்பட்ட பாட்டாகாது. அப்படியானால் அடுத்து எழும் ஹாவோட்டுக்கு அது கிடைக்கும். டெக்வென் அசைவதைப் பார்த்துவிட்டு ஈவான் அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம், சும்மா இரு," என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. "விட்டுட்டான்னா பாட்டு நமக்கு."

அவள் அப்பாவின் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கதவை அடைக்காதீர்கள்" என்று பாடினாள்.

இன்னொரு குழுவின் பாட்டுக்குள் ஒருவர் நுழைந்தது அதுவரை நடக்காத காரியம். ஆனால் வரி சரியான இடத்தில் வந்து இறங்கியது. மகன்கள் இருவரும் அதன்மேல் ஏறிக்கொண்டார்கள். அடுத்த சரணத்தில் மெய்ரிக்கின் குரல் திரும்பி வந்தது, முதலில் கரகரவென்று, அப்புறம் முழுசாக. சிலுவை வரை போய்ச் சேர்ந்தார்கள். டெக்வென் அந்த ஒரு வரிக்கு மேல் ஒன்றும் பாடவில்லை.

விருந்தில் மெய்ரிக் அவள் முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று எல்லாரும் கத்தி முள்கரண்டியைக் கீழே வைத்தோம்.

"யாரு உன்னைக் கூப்பிட்டா?" என்றார்.

"யாரும் கூப்பிடல."

"சுருதி கொஞ்சம் இறங்கியிருந்துச்சு."

"இறக்கினது உங்க பசங்க. நான் அவங்க நின்ன இடத்துல பிடிச்சேன்."

மெய்ரிக் மகன்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, இறக்கிட்டானுங்க," என்றார். அப்புறம் எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, உலர்திராட்சை ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். இருவரும் சாப்பிட்டார்கள்.

ஈவான்தான் ஒரு வாரம் மகளிடம் பேசவில்லை. ஊரிலோ வழக்கு வெடித்தது. அன்று பாடியது பிரின் குழுவா, ஹாவோட்டும் சேர்ந்தா? சேர்ந்துதான் என்றால் ஹாவோட் அதே சுற்றில் தனியாக வேறு பாட்டும் பாடியது சரியா? போதகரிடம் தீர்ப்புக் கேட்டார்கள். "பிளகைன் உங்களுடையது என்று நான்தான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேனே, என்னை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று நழுவிவிட்டார்.

மறு வருஷம், கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களுக்கு முன், மெய்ரிக் ஹாவோட் முற்றத்தில் வந்து நின்றார். பல வருஷங்களுக்குப் பிறகு அங்கே கால் வைக்கிறார். ஈவான் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"சுருதி என்ன?" என்றார் மெய்ரிக்.

"என்னை ஏன்டா கேக்கறே? உள்ள இருக்கா, அவளைக் கேளு."

இப்படித்தான் இரண்டு குழுவும் ஒன்றாயின. ஈவானும் கெத்தினும் மேல்குரல், எம்லினும் இட்ரிஸும் நடுக்குரல், மெய்ரிக்கும் டெக்வெனும் அடிக்குரல். அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை நின்றதா என்றால், இல்லை, இன்னும் பலமாக நடந்தது. ஆனால் சுருதியை டெக்வென் வைத்தாள், அதில் மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கூட்டணியில் யாருமே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தனி வரியைச் சித்தப்பாவும் அண்ணன் மகளும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து இறக்கியபோது, அந்த இரண்டு குரலுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. யார் பாடுகிறார்கள் என்று நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். நான் மட்டுமில்லை, பாதிக் கோயில் திரும்பியது; பாடியதென்னவோ அந்த இருவர்தான்.

அந்தச் சேதி எப்படியோ வெளியே போய், வானொலி நிலையத்திலிருந்து ஒருவர் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூச்ச சுபாவமுள்ள, நல்ல மனிதர். நல்ல வெல்ஷ் பேசினார். பாட்டு அபாரமாக வந்தது. ஆனால் நட்டநடுவில் வெளியே ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு போனது. எல்லாம் முடிந்ததும் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டெக்வெனிடம் வந்தார்.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை பாடினீங்கன்னா... பதிவுல டிராக்டர் சத்தம் விழுந்துடுச்சு."

"இன்னைக்குப் பாடியாச்சுங்க."

"எல்லாரும் விருந்துக்குப் போயிட்டாங்க, கோயில் காலிதான். யாருக்கும் தெரியப்போறதில்ல."

"பாட்டுக்குத் தெரியுமே," என்றாள் டெக்வென். அவர் முகம் விழுந்ததைப் பார்த்து, "அதுக்கென்ன, அடுத்த வருஷம் வாங்க. டிராக்டர் இட்ரிஸோட மச்சானுது, சாவியை வாங்கி வெச்சுடறேன். இப்ப வந்து சாப்பிடுங்க, மாட்டிறைச்சி ஆறுது" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அவர் அடுத்த வருஷம் வந்தார், அதற்கடுத்த வருஷமும் வந்தார், பெட்டி இல்லாமலும் வந்தார். ஆனால் வானொலியில் போனதென்னவோ அந்த டிராக்டர் பாட்டுத்தான். அதைக் கேட்டுப் பழகிவிட்டு, டிராக்டர் இல்லாமல் பாடினால் ஏதோ குறைகிறது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

இனி என் வருஷம். கோமாரி வந்த குளிர்காலம் அது. எல்லைக்கு அந்தப் பக்கம் மாடுகளுக்கு நோய் கண்டு, மந்தை மந்தையாகச் சுட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். காற்று அடித்தால் புகை நாற்றம் எங்கள் வரை வந்தது. ஒவ்வொரு பண்ணை வாசலிலும் மருந்தில் நனைத்த வைக்கோலைப் பரப்பியிருந்தோம். யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது, சந்தை இல்லை, கோயில் இல்லை. பிளகைனும் இல்லை என்று போதகர் சொல்லி அனுப்பினார். தபாலை வாசல் கம்பத்தில் கட்டிய டப்பாவில் போட்டுவிட்டுப் போகும் குவிலிம்தான் எங்களுக்கு உலகம். தன் வீடாகிவிட்ட ஹாவோட்டுக்குள்ளும் போக முடியாமல் தபாலாபீசில் படுத்துக்கொண்டான், டெக்வெனோடு வேலிக்கு வெளியே நின்றுதான் பேச்சு. பெண்குழந்தைகள் இரண்டும் ஜன்னலிலிருந்து அப்பனுக்குக் கை காட்டும்.

பிளகைன் நடந்திருக்க வேண்டிய நாள் சாயங்காலம். மாடுகளைப் பார்த்துவிட்டு நான் வாசலுக்கு வந்தேன். காற்றில்லை, உறைபனி, ஆற்றின் சத்தம்கூடப் பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டது. வடக்கு மேட்டில் ஹாவோட் வாசலில் ஒரு லாந்தர் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கு மேட்டில் பிரின் வாசலில் இன்னொன்று. ஏற்பாடு குவிலிமுடையது என்று பின்னால் தெரிந்தது. தபாலோடு சேதியையும் கொண்டு போயிருக்கிறான்.

ஹாவோட்டிலிருந்து ஈவானும் எம்லினும் எடுத்தார்கள், பிரின்னிலிருந்து கெத்தினும் இட்ரிஸும் சேர்ந்துகொண்டார்கள். பள்ளத்தாக்கைக் கடந்து வர ஒலிக்கு நேரம் ஆகுமல்லவா, முதல் சரணம் முழுக்க ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் பழகிவிட்டார்கள். ஒரு பக்கம் வரியை முடித்துவிட்டுக் காத்திருக்க, மறுபக்கம் எடுத்துக்கொடுத்தது. கதவுச் சரணம் வந்ததும் வடக்கிலிருந்து டெக்வெனின் குரல் இறங்கியது. அது என்னைத் தாண்டிப் போய் முடிவதற்குள் தெற்கிலிருந்து மெய்ரிக்கின் குரல் அதே வரியோடு எதிரே வந்தது. இரண்டும் என் தலைக்கு மேல் சந்தித்தன. ஆற்றோரப் பண்ணைகளில் ஒவ்வொரு கதவாகத் திறந்து வெளிச்சம் விழுவதைப் பார்த்தேன். வாசலை யாரும் தாண்டவில்லை, அவரவர் வைக்கோலுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். எங்கள் வீட்டிலும் எல்லாரும் வந்து என் பின்னால் நின்றார்கள். என் மனைவி என் கைக்குள் கையை விட்டுக்கொண்டாள். நோய் எங்கள் மாடுகளைத் தொடுமா தொடாதா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பாட்டு முடியும் வரை எனக்கு ஒரு பயமும் இல்லை.

முடிந்ததும் தெற்கு மேட்டிலிருந்து மெய்ரிக் கத்தினார். "சுருதி எப்படி?"

"நல்லாருந்துச்சு சித்தப்பா! உள்ள போங்க, சளி பிடிக்கும்!"

நோய் எங்கள் பள்ளத்தாக்குக்குள் வரவில்லை. வசந்தத்தில் வைக்கோலை வாரி எரித்தோம். குவிலிம் மூட்டையோடு வீடு திரும்பினான். தங்களைக் கீழே இறக்கிவிடக் குழந்தைகள் அன்று அவனை விடவேயில்லை.

ஈவானும் மெய்ரிக்கும் ஒருவருக்குப் பின் ஒருவராக நல்ல வயதில் போய்ச் சேர்ந்தார்கள். மெய்ரிக்கின் அடக்கத்தன்று அந்தப் பாட்டைப் பாடலாமா என்று கெத்தின் கேட்டான். அது கிறிஸ்துமஸ் பாட்டு, ஜூலை மாச வெயிலில் அதை வெளியே எடுக்கக்கூடாது என்று டெக்வென் சொல்லிவிட்டாள். வேறு பாட்டுப் பாடினோம். அவள் அழுதுகொண்டேதான் பாடினாள், சுருதி பிசகவில்லை. பிறகு மகள்கள் நோனும் லெய்கியும் வளர்ந்து குழுவுக்கு வந்தார்கள். நோனுக்குத் தாத்தாவின் மேல்குரல். லெய்கிக்குப் பாட்டு வந்தது, கூடவே அப்பாவின் பிடிவாதமும். எம்லின் வெளியூர் போன பிறகு, கெத்தினும் இட்ரிஸும் வர முடியாதபோது, மூன்று பெண்கள் மட்டும் நின்று கதவுப் பாட்டைப் பாடிய வருஷங்களும் இருந்தன. அந்த வருஷங்களுக்கும் ஊரில் கட்சிக்காரர்கள் உண்டு. என் மனைவி அந்தக் கட்சி.

டெக்வெனுக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. முழங்கால் ஒத்துழைப்பதில்லை, குரல் ஒத்துழைக்கிறது. போன ஜனவரி பிளகைனில்தான், கெத்தினின் பேரன் அடிக்குரலில் வந்து நிற்க, அவள் பாட ஆரம்பித்ததற்குப் பிறகு முதல்முறையாக வரிசையில் உட்கார்ந்து தன் வீட்டுக் குழுவைக் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினாறு சரணமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாடினவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்தாள். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"நல்ல பாட்டுதான்," என்றாள். "ஆனா இங்க உக்காந்து பாத்தாத் தெரியுது, ரெண்டு சரணம் அதிகம்."